அத்தானின் இடப்பக்கம்

"எல்லாரும் அப்படியே அண்ணாந்து பாருங்க," என்றார் அத்தான். எல்லோரும் அண்ணாந்தார்கள். நான் மட்டும் அவருடைய கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புதிய ஆர்த்தடாக்ஸ் பேராலயத்தை அர்ச்சித்துத் திறப்பதற்குச் சில வாரம் முன்னால், பத்திரிகைக்காரர்களையும் ஆலயக் குழுவினரையும் கூட்டிக்கொண்டு அவர் சுற்றிக் காட்டிய காலை அது. அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். பேர்போன கட்டடக் கலைஞர். நான் சுவரில் புனிதர்களை வரைகிறவள். நகக்கண்ணில் சாயத்தோடு கூட்டத்தின் கடைசியில் நின்றேன்.

அவருக்கு வேலை தெரியாது என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நன்றாகவே தெரியும். மேற்கு வாசலில் நுழைந்ததும் கூரை தலையில் இடிக்கிற மாதிரி தாழ்ந்த, இருட்டான ஒரு முன்மண்டபம். "இங்க கொஞ்சம் மூச்சு முட்டணும். அப்பத்தான் உள்ள போனதும் மூச்சு வரும்," என்றார். வந்தது. உள்ளே ஒரு தூண் கிடையாது, ஒரு பெஞ்சு கிடையாது. நின்றுகொண்டே வழிபடுகிற சபை என்பதால் தரை முழுக்க வெறும் சாம்பல் கல். சுவர்கள் பூச்சில்லாத கான்கிரீட். வார்க்கும்போது முட்டுக்கொடுத்த பலகைகளின் ரேகை வரிவரியாகப் பதிந்திருந்தது. கிழக்கே பலிபீடத்துக்கு முன்னால் வழக்கமான உயர்ந்த மரத் திரை இல்லை. இடுப்புயரத்துக்கு மெல்லிய எஃகுச் சட்டம், அதில் திருவுருவங்கள். எல்லாவற்றுக்கும் மேலே குவிமாடம். அதன் அடியைச் சுற்றி ஜன்னல்கள். வெளிச்சம் உள்ளே வருகிற வேகத்தில் அவ்வளவு பெரிய கான்கிரீட் எதன்மேலும் உட்காராமல் சும்மா நிற்பதுபோல் இருக்கும்.

"எப்படி நிக்குதுன்னுதானே கேக்கறீங்க?" அத்தான் சிரித்தார். "ஜன்னலுக்கு மேல சுத்தி ஒரு எஃகு வளையம் போட்டிருக்கேன். கடைசி நேரத்துல எனக்குத் தோணின யோசனை."

அந்த வளையம் என் வீட்டுக்காரர் சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, எங்கள் சாப்பாட்டு மேசையில் வரைந்தது. அந்தக் குவிமாடமே அவர் கணக்குப் போட்டது.

என் வீட்டுக்காரர் கட்டடப் பொறியாளர். அத்தானின் அலுவலகத்தில்தான் வேலை பார்த்தார். சகலைகள் இரண்டு பேரும் ஒரே அலுவலகத்தில் இருந்தால் வீட்டில் பெண்களுக்கு நிம்மதி என்று என் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். ஜன்னல்கள் இவ்வளவு அகலம்தான் இருக்கலாம் என்று இவர் சொல்லியிருந்தார். வெளிச்சம் போதாது என்று அத்தான் இவரிடம் கேட்காமலே ஒவ்வொரு ஜன்னலையும் ஒரு முழம் அகலமாக்கி வேலை நடக்கிற இடத்துக்கு அனுப்பிவிட்டார். கான்கிரீட்டைத் தாங்கிய சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்த அன்றைக்கு, ஜன்னல்களுக்கு நடுவிலிருந்த குறுஞ்சுவர்களில் விரிசல் ஓடியது.

குழு கூடிக் கேட்டபோது அத்தான் என்ன சொன்னார் தெரியுமா? "சகலை கணக்குல கோட்டை விட்டுட்டார். சொந்தக்காரர்னு நம்பி நான் சரிபார்க்காம விட்டது என் தப்பு." தப்பைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிற பெருந்தன்மை வேறு! என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. வெளியே வந்து, வீட்டுக்குப் போய், விரிசலைத் தாங்க அந்த வளையத்தை வரைந்து அனுப்பினார். குவிமாடம் பிழைத்தது. இவருக்கு வேலை போயிற்று.

விரிசல் விட்ட பொறியாளர் என்று பேர் எடுத்தவரிடம் யார் பாலம் கட்டக் கொடுப்பார்கள்? மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கும் காம்பவுண்டு சுவருக்கும் கணக்குப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். பேராலயம் இருக்கிற தெரு வழியாக அவர் பேருந்தில்கூடப் போவதில்லை. அவர் பேரை அத்தான் வாயாலேயே திருப்பி வாங்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் குறி. ஓவிய வேலையை எனக்குக் கொடுத்தவர் ஆயர், அதுவும் விரிசலுக்கு வெகு முன்னாலேயே. நான் விட்டுவிட்டு வந்திருக்கலாம். "சுவர் உனக்கு என்ன பண்ணுச்சு? போய் முடி," என்றார் இவர். போனேன். பல்லைக் கடித்துக்கொண்டு அப்போஸ்தலர்களை வரைந்தேன். அத்தனை பேரும் கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கிறார்கள்.

வாய்ப்பு தானாக, சாரத்தில் ஏறி, சட்டைப்பையில் புகைப்படத்தோடு வந்தது.

மேற்குச் சுவரில், வெளியே போகிற வாசலுக்கு மேலே, ஆலயத்தை எழுப்பியவர்களை வரைவது எங்கள் பழைய வழக்கம். கையில் அந்த ஆலயத்தையே சிறிதாக ஏந்தி ஆண்டவருக்குக் காணிக்கை கொடுப்பதுபோல் நிற்பார்கள். நிலம் தந்த ஒரு விதவை அம்மாவையும் கட்டடக் கலைஞரையும் வரையச் சொல்லிக் குழு முடிவு செய்திருந்தது. அத்தான் மூச்சு வாங்க மேலே வந்து புகைப்படத்தை நீட்டினார். ஏதோ பத்திரிகை அட்டையில் வந்தது. ஜன்னலோரம் நின்று தூரத்தை வெறிக்கும் பக்கவாட்டு முகம். ஒரு கண், ஒரு காது, பெரிய மூக்கு.

"இப்படியே வரை. என் இடப்பக்கம்தான் எடுப்பா இருக்கும்."

"நேரா வரையறதுதான் வழக்கம், அத்தான்."

"வழக்கம் வழக்கம்னு பழைய பாட்டையே பாடாத. கட்டடம் நவீனமா இருக்கில்ல? படமும் நவீனமா இருக்கட்டும். இன்னும் ஆயிரம் வருஷம் ஜனங்க பார்க்கப் போற மூஞ்சி இது."

நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

இந்த ஓவியத்தில் ஒரு விதி உண்டு. புனிதர்களின் இரண்டு கண்ணும் தெரிய வேண்டும். அவர்கள் நம்மைப் பார்க்க, நாம் அவர்களைப் பார்க்க. பக்கவாட்டில், ஒற்றைக் கண்ணோடு வரைவது, யாரைக் கண்ணுக்குக் கண் பார்க்கக்கூடாதோ அவர்களைத்தான். பிசாசுகளை. கடைசி இராவுணவு மேசையில் உட்கார்ந்திருக்கும், ஆண்டவரைக் காசுக்கு விற்ற யூதாசை. படிக்காத கிழவிக்கும் இது தெரியும். பிறந்ததிலிருந்து படங்களை முத்தமிட்டு வளர்ந்த சபை. அத்தான் வளைவுகளைப் படித்தார், சுவர்களைப் படித்தார். முகங்களைப் படிக்கவில்லை. பேராலயத்தையே கட்டினவர் அதில் ஒரு படத்தையாவது நின்று பார்த்திருந்தால் புகைப்படத்தோடு வந்திருக்க மாட்டார்.

"சரி அத்தான்," என்றேன். "உங்க இஷ்டம்."

அவ்வளவு ஆசையாக நான் எதையும் வரைந்ததில்லை. முடியை ஒவ்வொன்றாக வரைந்தேன். மூக்கு நுனியில் வெளிச்சம் வைத்தேன். யாரும் அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிவிடக் கூடாதே! கையில் குவிமாடத்தோடு பேராலயத்தை வைத்தேன். சுவருக்கு முன்னால் துணி தொங்கியது. பங்குக் குருவுக்கு முட்டிவலி, சாரம் ஏறமாட்டார். அந்த விதவை அம்மாவை விதிப்படி இரண்டு கண்ணோடு வரைந்து முடித்தபோது எனக்குப் பாட்டு வந்தது. மாதக்கணக்கில் நான் பாடியிருக்கவில்லை.

அர்ச்சிப்பு நாளில் உள்ளே வரும்போது யாரும் பார்க்கவில்லை. மேற்குச் சுவர் முதுகுக்குப் பின்னால் அல்லவா இருக்கிறது? ஆயர் பலிபீடத்தைக் கழுவினார், தைலம் பூசினார், பாடகர் குழு பாடியது, தூபம் குவிமாடம் வரை ஏறி ஜன்னல் வெளிச்சத்தில் நின்றது. எல்லாம் முடிந்து ஜனங்கள் வெளியே போகத் திரும்பினார்கள். முன்வரிசை நின்றது. பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

மெழுகுவத்தி விற்கிற அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். மெதுவாகப் பேச அவளுக்கு எப்போதுமே வராது.

"அது யாரு, யூதாசா?" என்றாள். "கையில கோயில வெச்சிக்கிட்டு நிக்கிறானே, வித்துட்டானா?"

யாரோ பொங்கிச் சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார். இரண்டு பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டு தலையைக் குனிந்து வாசலைக் கடந்தார்கள். அத்தான் சரியாகப் படத்துக்குக் கீழே நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தார். ஜனங்கள் மேலே பார்ப்பதும் அவரைப் பார்ப்பதும் மறுபடி மேலே பார்ப்பதுமாக இருந்தார்கள். அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "நல்லா வந்திருக்கில்ல?" என்று ஒருவரிடம் கேட்டார். "அச்சு அசலா இருக்குங்க," என்றார் அவர். நான் மெழுகுவத்தி மேசையைப் பிடித்துக்கொண்டேன். இல்லாவிட்டால் தரையில் உட்கார்ந்து சிரித்திருப்பேன்.

கடைசியில் குருவானவர்தான் அவர் காதில் சொல்லியிருக்க வேண்டும். பூரிப்பு வடிந்து போவதை நான் ஒரு சொட்டு விடாமல் பார்த்தேன். நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகக் குளிர்ந்தது.

மறுநாள் ஆயர் எங்கள் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"பக்கவாட்டுல வரையச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

அத்தான் தொண்டையைச் செருமினார். "நான்தான் ஆண்டகை. ஆனா இவளுக்கு விதி தெரியும். தெரிஞ்சே பண்ணியிருக்கா."

ஆயர் என் பக்கம் திரும்பினார். "தெரியுமா?"

"தெரியும்."

"அந்தச் சுவர் உங்க குடும்பச் சண்டைக்குக் கட்டினது இல்லம்மா." அவர் குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. "வேற ஆளை வெச்சு மாத்த மாட்டேன். போட்ட முடிச்சை நீயே அவிழ்க்கணும். நேர் முகமா மாத்து."

"மாத்தறேன். ஆனா இவரோட போட்டோ எல்லாமே இடப்பக்கம்தான் இருக்கு. எனக்கு முன்னால வந்து உட்காரணும். நேரா பார்க்கணும்."

ஆயருக்கு எவ்வளவு புரிந்ததோ, தெரியாது. "வந்து உட்காருங்க," என்று அத்தானிடம் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

அத்தான் வந்தார். சாரத்தின் மேல்தட்டில் முக்காலி போட்டேன். எனக்கும் அவருக்கும் நடுவில் கையெட்டும் தூரம்கூட இல்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு, "நேரா பாருங்க அத்தான்," என்றேன். பார்த்தார். உடனே பார்வை நழுவி ஜன்னலுக்குப் போயிற்று. "என்னைப் பாருங்க." மறுபடி நழுவியது. நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

"உங்க ரெண்டாவது கண்ணு வேணும்னா எனக்கு ஒண்ணு வேணும்."

"என்ன?"

"ஜன்னலை அகலமாக்கினது யாருன்னு குழுவுக்கு முன்னால சொல்லணும். வளையம் யாரோடதுன்னும் சொல்லணும்."

"மிரட்டுறியா?"

"ஆமா அத்தான்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. மறுப்பேன், அழுவேன், அக்காவை இழுப்பேன் என்று நினைத்திருப்பார். "நீயும் எங்க வீட்டுல சாப்பிட்டவதானே," என்றார். "எங்க வீட்டுக்காரரும் உங்க வீட்டுப் பந்தியில சாப்பிட்டவர்தான்," என்றேன். அவர் இறங்கிப் போய்விட்டார். ஏணியில் பாதி வழியில் கால் தடுமாறியது. நான் பிடிக்கப் போகவில்லை.

நானும் அவசரப்படவில்லை. மாடல் வரவில்லை என்று குருவிடம் சொல்லிவிட்டுத் பலிபீடச் சட்டத்துத் திருவுருவங்களின் பொன்பூச்சைத் தொடர்ந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் கூட்டம் கூடியது. வேறு சபைக்காரர்கள்கூட வந்து தாழ்ந்த முன்மண்டபத்தில் மூச்சு முட்டி, குவிமாடத்தின் கீழே மூச்சு வாங்கி, திரும்பி நின்று கோயிலை விற்றவனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்படித்தான் பேர் வந்துவிட்டது. அவரைக் காட்டிக் குழந்தைகளைப் பயமுறுத்தினார்கள்.

அக்கா வந்தாள். பின்னல் தளர்ந்து கிடந்தது. எப்போதும் இஸ்திரி போட்ட மாதிரி இருப்பவள்.

"அவர் சரியா சாப்பிடறதே இல்லைடி. வெளிய போகறதில்லை. யாராவது கூப்பிட்டா போனை எடுக்கறதில்லை."

"எங்க வீட்டுலயும் ஒருத்தர் அப்படித்தான்க்கா இருக்கார். நீ ஒரு தடவை வந்து பார்த்தியா?"

"நான் என்னடி பண்ணுவேன்? அவர் சொன்னதை நம்பினேன்."

"நம்பினியா?"

அவள் தளர்ந்த பின்னலை முன்னால் இழுத்துப் பின்னத் தொடங்கினாள். என் சின்ன வயதில் எனக்குத் தலை வாரிவிட்டவள் அவள்தான். "எனக்காக அழிச்சிடுடி," என்றாள் கடைசியில். எனக்கு இளகியது. இளகியதை அவளிடம் காட்டவில்லை. "அவரை வந்து பேசச் சொல்லு," என்று சொல்லிவிட்டுப் பொன்தாளைக் கையில் எடுத்தேன். பொன்தாளைக் கையில் எடுத்தால் மூச்சுவிடக்கூடாது, பேசவும் முடியாது. அது எனக்கு வசதியாக இருந்தது.

அத்தான் பேசினார். ஒரு பகலில், குவிமாடத்துக்குக் கீழே, குழு முழுவதும் நிற்க, ஆயரும் குருவும் நிற்க, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். ஜன்னலை அகலமாக்கியது தான். சகலையிடம் கேட்கவில்லை. விரிசலுக்கு அவர் காரணம் இல்லை. வளையம் அவருடையது. குவிமாடமும் அவருடையதுதான். கடைசி வாக்கியத்தைச் சொல்லச் சொல்லி நான் கேட்கவே இல்லை, அவராகச் சேர்த்துக்கொண்டார். குழுத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் உள்ளுக்குள் ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எண்ணி விழுங்கினேன். பசி தீர்ந்த மாதிரி இருந்தது.

குழுத் தலைவரே எங்கள் வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டார். பெரிய மருத்துவமனை ஒன்றின் கூரைக்குக் கணக்குப் போட்டுத் தர முடியுமா என்றும் கேட்டாராம். நான் சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா? அத்தான் மறுபடி முக்காலியில் உட்கார்ந்தார். இந்தத் தடவை பார்வை நழுவவில்லை. பழைய முகத்தைச் சுரண்டி எடுத்து, புதுப் பூச்சு பூசி, நேர் முகத்தின் கோடுகளைப் போட்டேன். ஒரு கண் முடிந்தது. இன்னொன்றை எடுத்தபோதுதான் கீழே காலடிச் சத்தம் கேட்டது.

என் வீட்டுக்காரர் வந்திருந்தார்.

முன்மண்டபத்திலிருந்து வெளிப்பட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நடுவில் வந்து நின்று அண்ணாந்தார். தான் தாளில் போட்ட குவிமாடத்தை முதல் முறையாக முழுசாகப் பார்க்கிறார். நான் தூரிகையை வைத்துவிட்டுச் சாரத்தின் விளிம்புக்கு வந்தேன். அத்தானும் முக்காலியிலிருந்து எழுந்து, மெல்ல ஏணியில் இறங்கி, அவருக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார். இந்த நொடிக்குத்தானே நான் காத்திருந்தேன். இவர் என்ன சொல்லப்போகிறார் என்று என் காது துடித்தது.

"ஜன்னல் அகலமா இருக்கறதுதான் சரி," என்றார் என் வீட்டுக்காரர். "நான் சொன்ன அளவுல விட்டிருந்தா இந்த வெளிச்சம் வந்திருக்காது."

அத்தான் அழுதுவிட்டார். அவ்வளவு பெரிய மனிதர், நின்ற இடத்திலேயே, கைக்குட்டைகூட எடுக்காமல். என் வீட்டுக்காரர் அவர் தோளில் கை வைத்து, "கேட்டிருக்கலாம் சகலை. வளையத்தை முன்னாடியே போட்டிருப்பேன்," என்றார். அத்தான் தலையை ஆட்டிக்கொண்டே வெளியே போனார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் சாரமே ஆடியது.

"அவ்வளவுதானா?" மேலிருந்து கத்தினேன். "ஒரு வார்த்தை திட்டக்கூடவா தோணல?"

"நீதான் எல்லாத்தையும் பண்ணிட்டியே," என்றார்.

"உங்களுக்காகத்தானே பண்ணேன்!"

அவர் அண்ணாந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, இருந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன்.

"தெரியும். ஆனா அவர்கிட்ட நான் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். என்னைக்காவது ஒரு நாள், நேருக்கு நேரா. அதை மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கிட்டுத்தான் இத்தனை நாளும் ஓட்டினேன். இப்ப வந்தா, ஊரே காறித் துப்பின மனுசன் நிக்கிறார். அவர்கிட்ட போய் நான் என்னத்தைக் கேக்க? பாவமா இருக்கு."

பிறகு, "வேலையை முடிச்சிட்டு வா," என்று சொல்லிவிட்டு இருட்டு முன்மண்டபம் வழியாகப் போய்விட்டார்.

வெளிச்சம் இருக்கும்போதே அந்தக் கண்ணை முடித்தேன். வேலை நன்றாகத்தான் வந்தது. வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல், என்ன கேட்கணும் என்று இருந்தீர்கள், சொல்லுங்கள் என்றேன். மருத்துவமனைக் கூரையின் வரைபடத்தை மேசைமேல் விரித்து வைத்திருந்தார். ஒன்றுமில்லை, விடு என்றார். நானும் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அவர் இன்னும் சொல்லவில்லை.